நசுருதீன் தைக்காத குருவி

"தையற்காரனே, இதை உண்டாக்கினவன் நீயோ?"

துரைசாணி அம்மாள் ஒரு சிவப்புக் குருவியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். துரைமார் தொப்பிக்கு ஆகும் கெட்டிக் கம்பளித் துணி இருக்கிறதே, ஃபெல்ட் என்பார்கள், அதில் வெட்டிய குருவி. வயிற்றில் பஞ்சு, கண்ணில் கறுப்புப் பாசிமணி, ஓரம் முழுக்கப் பச்சை நூலில் ஏணிப்படி மாதிரி நெருக்கமான கைத்தையல். கூப்பிட்டால் பறந்து வந்துவிடும் போலிருந்தது.

அதை நசுருதீன் ராவுத்தர் தைக்கவில்லை. காலையில் மூஞ்சிக்கல் பஜாரில் இருக்கும் தன் கடையைக் கூட்டியபோது பெஞ்சுக்கடியில் கிடந்தது. முந்தின நாள் கடைக்கு வந்தவர்கள் ஒருவரா இருவரா? மன்னவனூர் உருளைக்கிழங்கு வியாபாரி வந்தார். மிஷன் வாத்தியார் பரமானந்தம் வந்தார். கர்னல் துரை கோட்டு அளவு பார்க்க வந்தார். ராக்காயி விறகு போட வந்தாள். யார் பையிலிருந்து விழுந்ததோ, லட்சணமாக இருக்கிறதே என்று எடுத்துத் தையல் மிஷின்மேல் தொங்கவிட்டார். சனியனை நூல் கட்டித் தொங்கவிடுகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"இல்லைங்கம்மா" என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் துரைசாணி அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"விடுதிப் பிள்ளைகள் யாவருக்கும் கம்பளிக் கோட்டு தைக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட கையை உடையவனிடத்தில் அந்த வேலையை ஒப்புவிக்கலாம் என்று எண்ணினேன்."

கர்னல் துரையின் மனைவியான இந்த அம்மாள் வேதபுத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவள். வெண்டைக்காய் வாங்கினாலும் இதே நடைதான். ஆனால் அவள் சொன்னது நசுருதீனுக்கு நன்றாகவே புரிந்தது. மிஷன் விடுதியின் கோட்டு வேலை கிடைத்தால் வருஷம் முழுக்க மிஷின் ஓயாது. கிடைக்காவிட்டால் அது எதிர்க்கடை ஞானவேலுக்குப் போகும். ஞானவேல் அப்போதே தன் கடை வாசலில் நின்று, துணியே இல்லாமல் கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"நாந்தாங்கம்மா," என்றார் நசுருதீன்.

"நல்லது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு இப்படியே ஒரு கூடை நிறைய வேண்டும். குருவி, மணி, நட்சத்திரம். பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொள்ள முயல் காது, கழுதைக் காது. அதைக் கண்ட பிறகு கோட்டு."

மறுநாள் வெள்ளனே துரை வீட்டுப் பட்லர் லூர்துசாமி கலர் கலராக ஃபெல்ட் துணி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான்.

நசுருதீன் சாமானியப்பட்ட தையற்காரர் இல்லை. கோட்டுக் கழுத்து வைப்பதில் மலையிலேயே அவருக்கு ஈடு கிடையாது. ஆனால் ஓரத்தை மடிக்காமல் தைப்பது அவர் வம்சத்திலேயே இல்லாத பழக்கம். துணி என்றால் ஓரம் மடிக்க வேண்டும், மடித்ததை இன்னொரு முறை மடிக்க வேண்டும். ஃபெல்ட்டையும் அப்படியே மடித்தார். அது தடித்துப்போய் இரண்டு ஊசியை முறித்தது. முறிந்த பிறகும் விடாமல் கையால் குத்தி இழுத்துப் பஞ்சடைத்து முடித்தபோது, குருவியின் தலையும் வாலும் மடிப்புக்குள் போய்விட்டன. நடுவயிறு மட்டும் மிச்சமிருந்தது.

அவர் மனைவி ஆசியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கத்தரிக்காயா?"

"குருவி."

"காம்பு வச்சுட்டீங்கன்னா சந்தையில வித்துரலாம்."

"அது காம்பில்ல, மூக்கு."

நட்சத்திரம் தைத்துப் பார்த்தார். ஐந்து முனையும் மடிப்பில் மழுங்கி இட்லி வந்தது. கழுதைக் காது ஒன்றுதான் கொஞ்சம் தேறியது. அதைத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று மனசுக்குள் நொந்துகொண்டார். ஒரு பொய்க்காக இந்த வயதில் இந்தக் கோலம் தேவையா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவர லூர்துசாமி வந்தான். நசுருதீன் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கை சுளுக்கிக்கிச்சுய்யா லூர்து. நாலு நாளு பொறுக்கணும்னு அம்மாட்ட சொல்லு."

நாலு நாள் கிடைத்தால் எதையாவது யோசிக்கலாம் என்பது அவர் கணக்கு. துரைசாணி நாலு நிமிஷத்தில் வந்து நின்றாள். கூடவே மருந்துப் பெட்டி வந்தது. ஒரு நோயும் இல்லாத அந்தக் கையில் காட்டமான தைலத்தைத் தேய்த்து, முழங்கை வரைக்கும் சுற்றிக் கட்டிவிட்டு, அவிழ்க்கக் கூடாது என்று கட்டளையிட்டுப் போனாள். அந்தக் கட்டோடு மிஷின் சக்கரத்தைக்கூடத் தொட முடியவில்லை. கையில் இருந்த மற்ற உருப்படிகளெல்லாம் ஒவ்வொன்றாக எதிர்க்கடைக்கு நடந்தன. "ராவுத்தருக்கு ஒடம்பு சரியில்லையாம், பாவம்" என்று ஞானவேல் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் வருத்தத்தோடு சொல்லி அளவெடுத்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் லூர்துசாமி மறுபடியும் வந்தான். கடைக்குள் நுழைந்து, ஒரு கத்தரிக்காயைக் கையிலெடுத்துப் பார்த்தான். அப்புறம் கதவைச் சாத்தினான்.

"ராவுத்தரே, அந்தக் குருவிய நீங்க தைக்கல."

நசுருதீனுக்கு முகம் வெளிறிவிட்டது. "அம்மாட்ட சொல்லிராதய்யா. கோட்டு வேலை கைவிட்டுப் போச்சுன்னா கடைய மூடிட்டு நான் வத்தலக்குண்டுக்கு எறங்க வேண்டியதுதான்."

"நான் ஏன் சொல்லப் போறேன்? துணிய எங்கிட்டக் குடுங்க. நல்ல கை ஒண்ணு இருக்கு. தைச்சு வாங்கியாறேன். யாரு என்னன்னு மட்டும் கேக்கப்படாது."

நசுருதீன் கேட்கவில்லை. கேட்பானேன்? லூர்துசாமியின் பெண்டாட்டி லீமா கன்னியாஸ்திரீகள் மடத்தில் வளர்ந்தவள். அங்கே பெண்களுக்கு ஊசிவேலை சொல்லிக்கொடுக்காமலா இருந்திருப்பார்கள்? புருஷன் வேலை பார்க்கிற வீட்டம்மாளுக்குத் தெரிந்தால் சங்கடம், அதனால்தான் ஒளிக்கிறான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

இரண்டு நாளில் கூடை நிறைந்து வந்தது. அடடா! குருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தலையைச் சாய்த்திருந்தன. நட்சத்திரங்களுக்கு முனை இருந்தது. கழுதைக் காதின் உட்புறம் ரோஜா நிறத் துணி வைத்து, அதிலும் அந்த ஏணிப்படித் தையல். நசுருதீன் தொழில்காரர் இல்லையா, பொறாமையை மறந்து கண்கலங்கிவிட்டார். நன்றிக்கடனாக அன்றே கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு நீல ரவிக்கை தைத்து லீமாவுக்குக் கொடுத்தனுப்பினார். கையில் மறுபடியும் கட்டைச் சுற்றிக்கொண்டு கூடையைத் துரைசாணியிடம் கொண்டுபோனார்.

கட்டோடு போனதுதான் வினை.

துரைசாணி கூடையைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். மறுபடியும் கூடையைப் பார்த்தாள்.

"சுளுக்கின கையினாலா இவைகளைச் செய்தாய்?"

இதற்கு என்ன சொல்ல முடியும்? "கொஞ்சம் சிரமமாத்தாங்க இருந்துச்சு," என்றார் நசுருதீன்.

"ஆச்சரியமான காரியம்! இதை நம்முடைய ஸ்திரீகள் எல்லாரும் காண வேண்டும். சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் எல்லார் முன்பாகவும் தைத்துக் காட்டு. தைத்து முடிந்தவுடன் பிள்ளைகளுக்கு அங்கேயே கோட்டு அளவெடு."

சனிக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. மிஷன் அம்மாமார், டீச்சர்கள், விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பின்வரிசையில் நீல ரவிக்கையோடு லீமா இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஞானவேல் நின்றான். முன்வரிசையில் கர்னல் துரை. அவர் மீசையை முறுக்கினால் ரிக்‌ஷாக்காரர்கள் தூரத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். தினமும் பகலெல்லாம் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து மீன் பிடிப்பவரை, அன்று தூண்டிலும் கூடையுமாக அப்படியே இழுத்துவந்து உட்கார வைத்திருந்தாள் துரைசாணி. அவர் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் சிவப்பு ஃபெல்ட், பஞ்சு, ஊசி, பச்சை நூல். நசுருதீன் ஊசியைக் கையிலெடுத்தார். முதல் குத்து துணியில் விழுந்தது. இரண்டாவது விரலில் விழுந்தது. மூன்றாவதற்குள் கை அவரையறியாமல் ஓரத்தை மடிக்க ஆரம்பித்துவிட்டது. ஹாலில் அத்தனை கண்ணும் அந்தக் கத்தரிக்காய் உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். கோட்டு போனாலும் போகிறது, இனி ஒரு நிமிஷம்கூட இந்தப் பொய்யைச் சுமக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

"அம்மா, என்னைய மன்னிக்கணும். இதுல ஒண்ணைக்கூட நான் தைக்கலீங்க. அத்தனையும் தைச்சது லூர்துசாமி சம்சாரம் லீமாதான். புண்ணியம் அதுக்குத்தான் போகணும்."

"மாதாவே!" என்று பின்வரிசையில் ஓர் அலறல் கேட்டது. லீமா எழுந்து நின்றாள். "எனக்கு ஒரு பித்தான் வச்சுக்கக்கூடத் தெரியாதுங்கம்மா! மடத்துல என்னைய அடுப்படியிலதான் விட்டாக. இந்த ரவிக்கையே ராவுத்தரு தைச்சுக் குடுத்ததுதான். என்னத்துக்குக் குடுத்தாருன்னு தெரியாம நானும் போட்டுக்கிட்டுத் திரியறேன்."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் ரவிக்கையைப் பார்த்தார்கள். அப்புறம் நசுருதீனைப் பார்த்தார்கள். நசுருதீன் லூர்துசாமியைப் பார்த்தார். லூர்துசாமியோ கர்னல் துரை பார்த்துக்கொண்டிருந்த அதே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரைசாணியின் மூக்கு சிவந்துவிட்டது. "ஒரு பொய்யின்மேல் இன்னொரு பொய்யா? உனக்குக் கோட்டு இல்லை!"

"நான் வேணா அளவெடுக்கட்டுங்களாம்மா?" என்று ஜன்னல் வழியாக ஞானவேலின் குரல் வந்தது.

"பொறு. முதலாவது இவைகளைச் செய்த கை யாருடையது என்று அறிய வேண்டும். நான் இந்த மலையில் வீடு வீடாய்த் தேடுவேன். என் வீட்டிலிருந்தே தொடங்குவேன்."

படார் என்று ஒரு சத்தம். கர்னல் துரை எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து கிடந்தது.

"நான் பாத்தான்!" என்று அவர் கர்ஜித்தார். பிள்ளைகள் டீச்சர்களைக் கட்டிக்கொண்டார்கள். "இந்த ஆள் தெச்சான்! கடையிலே தெச்சான்! என் ரெண்டு கண்ணு பாத்தது!"

நசுருதீன் அவரையே வெறித்துப் பார்த்தார். "துரைகளே, நெசமாவே நான் தைக்கலீங்க…"

"ஷட் அப்! நீ தெச்சான்!"

துரைசாணி கணவரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. மெல்ல மெல்ல அவள் முகம் கனிந்தது. நசுருதீன் பக்கம் திரும்பியபோது கண்ணில் நீர் நின்றது.

"இப்பொழுது அறிந்தேன். உன் கைத்திறமையை ஒளித்து, புகழை ஓர் ஏழை ஸ்திரீக்குக் கொடுக்க மனதாயிருந்தாய். என்ன தாழ்மை! கோட்டு உனக்கே."

"இல்லீங்கம்மா, சத்தியமா…"

"பாருங்கள், இன்னும் மறுக்கிறான்!" என்றாள் மற்ற அம்மாமாரிடம். அவர்கள் கைதட்டினார்கள். நசுருதீன் மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. ஞானவேல் ஜன்னலில் இருந்து தலையை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை நசுருதீன் கடையில் கோட்டுத் துணி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. அவருக்குத்தான் வேலை ஓடவில்லை. பொய் சொன்னபோது கெட்டிக்காரன் என்றார்கள், உண்மையைச் சொன்னபோது பொய்யன் என்றார்கள். அதையாவது ஜீரணித்துவிடலாம். மலையிலேயே கண்டிப்பான மனுஷர் என்று பேரெடுத்த துரை, ஊர் பார்க்க எழுந்து நின்று எதற்காக அப்படி ஒரு புளுகு புளுகினார்? அந்த நல்ல கை யாருடையது? கோட்டு கிடைத்த சந்தோஷத்தைக்கூட அந்தக் கேள்வி அனுபவிக்க விடவில்லை.

லூர்துசாமி அவசர அவசரமாகக் கடைக்குள் வந்தான்.

"ஏய்யா லூர்து, இப்பவாச்சும் சொல்லு. தைச்சது யாரு?"

"சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக ராவுத்தரே, என் வாயால பேரு வராது. நீங்க வெரசாப் பச்சை நூலு ரெண்டு கண்டு குடுங்க, ஏரிக்கரையில தொரை வெறும் ஊசிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு."