மாமனார் கழனியில் ஸ்பெஷல் டாபிக்ஸ்

ஒரு கல்லூரியில் ‘ஸ்பெஷல் டாபிக்ஸ்’ என்று ஒரு பேப்பர் இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: நடத்தப்போகிறவருக்கும் அது தெரியாது. சிலபஸ் கிடையாது. புத்தகம் கிடையாது. போன வருடம் நடத்தியவரிடம் நோட்ஸ் வாங்கலாம் என்றால், போன வருடம் அந்தத் தலைப்பே கிடையாது. தகவல் தொழில்நுட்பத்தில் புதிதாக எது வந்திருக்கிறதோ அதை நடத்த வேண்டும். நானோ அதுவரை ஒரே சி புரோகிராமை ஒரே ஜோக்கோடு நடத்தி வந்தவன். (அந்த ஜோக்குக்குச் சிரித்தவர்களின் பிள்ளைகள் இப்போது சேர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் சிரிப்பதில்லை.)

பாகூர் பக்கம் கரும்புக்கு நடுவே இருக்கிறது எங்கள் பொறியியல் கல்லூரி. துறைத் தலைவி மேடம் ஒருநாள் கூப்பிட்டார்.

“சார், இந்த செமஸ்டர் உங்களுக்கு ஹவர்ஸ் கம்மியா இருக்கு. ஸ்பெஷல் டாபிக்ஸ் எடுத்துக்கோங்க. விவசாயத்துல ஐ.ஓ.டி.”

கருவிகளை இணையத்தில் கோத்து, அவற்றையே வேலை செய்ய வைப்பதுதான் ஐ.ஓ.டி. அது பாதி தெரியும். விவசாயம் முழுதாகத் தெரியாது.

“மேடம், எனக்கு விவசாயம்...”

“நீங்க வில்லியனூர்தானே சார்? மாமனாருக்கு உறுவையாறுல நெலம் இருக்குன்னு ஸ்டாஃப் ரூம்ல நீங்கதானே சொல்லிட்டே இருப்பீங்க?”

சொன்னேன்தான். நான் வில்லியனூர் கடைத்தெருவில் வளர்ந்தவன். மாமனார் வீட்டில் எனக்குத் தெரிந்த பாதை, சாப்பாட்டு மேசையிலிருந்து கட்டில் வரைக்கும்தான்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். செமஸ்டர் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து வகுப்பைப் பார்ப்பார். அவர் தலையாட்டினால் பேப்பர் தொடரும். ஆட்டாவிட்டால் எனக்கு ஹவர்ஸ் இல்லை. ஹவர்ஸ் இல்லாத வாத்தியாருக்கு எங்கள் நிர்வாகம் ஒரு சால்வை போர்த்தி வழியனுப்பிவிடும். (அந்தச் சால்வையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மட்டம்.) வீட்டில் பெண் பிளஸ் டூ படிக்கிறாள்.

மாமனாருக்கு ஃபோன் போட்டேன். “மாமா, நம்ம கழனில ஒரு கருவி வெச்சுக்கலாமா?”

“வெச்சிக்குங்க மாப்ள. கழனி எங்க ஓடிடப் போவுது.”

அதனால் நானும் அவசரப்படவில்லை. செமஸ்டர் முழுவதும் படம் போட்டு ஓட்டிவிட்டு, பேராசிரியர் வருகிற திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம்தான் உறுவையாறு போனேன். மாமனார் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். கூட வந்த என் மனைவியும் அங்கேயே போய்விட்டாள். நான் ஒயரும் கையுமாகக் கழனியில் நின்றேன்.

பார்த்ததும் மனம் உருகிவிட்டது. மண் காய்ந்து வெடித்திருந்தது. பயிரெல்லாம் மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பாவம், மாமனாருக்கு வயதாகிவிட்டது, தண்ணீர் காட்டக்கூட ஆளில்லை என்று நினைத்தேன். (நெல் முற்றினால் மஞ்சளாகும் என்பது மூன்றாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் அன்று நான் பார்த்தது நெல்லை அல்ல, என் வேலையை.)

மோட்டார் கொட்டாயில் கருவியை மாட்டினேன். அதற்கு நான் எழுதிக் கொடுத்த விதி எளிமையானது: மண் காய்ந்தால் மோட்டார் ஓடும், நனைந்தால் நிற்கும். மண்ணின் ஈரம் பார்க்கும் கம்பியைக் கழனிக்குள் இறங்கிக் குத்தியிருக்க வேண்டும். செருப்பு புதிது என்பதால் வரப்பின் மேலேயே குத்திவிட்டேன். தென்னை மரத்தில் ஒரு பழைய ஃபோனைக் கட்டி, வகுப்பிலிருந்தே நேரலையில் கழனி தெரியும்படி செய்தேன். ஃபோனில் ‘மோட்டார் ஓடுகிறது’ என்று வந்தது. மாமனாருக்கு நாளைக்குச் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை. பேராசிரியர் முதல் வரிசையில். பக்கத்தில் மேடம். என் ஃபோனைத் திரையோடும் ஸ்பீக்கரோடும் இணைத்திருந்தேன்.

“இது மனிதத் தலையீடே இல்லாத அமைப்பு, சார்,” என்றேன். “நிறுத்துற பட்டன்கூட வைக்கல.”

திரையில் கழனி தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு நெல் அறுக்கும் மிஷின் உள்ளே வந்தது. காய்ந்த கழனிக்குக் கூப்பிடுகிற டயர் வண்டி. கொஞ்ச தூரம் கம்பீரமாக வந்தது. பிறகு நின்றது. பிறகு, எருமை குளத்தில் இறங்குவதுபோல, மெதுவாக ஒரு பக்கம் அமிழ்ந்தது.



“இதுவும் டெமோவா சார்?” என்றார் பேராசிரியர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுப்புக்காக மாமனார் வேண்டுமென்றே தண்ணீரை வடித்துக் காயப்போட்ட கழனி அது. அதில் நான் ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டிருக்கிறேன். வரப்பு நனையவே இல்லை. அதனால் மோட்டார் இன்னும் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமனாருக்கு ஃபோன் போட்டேன். திரையில் மாமனார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். என் பெயரைப் பார்த்தார். திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

நாற்பது மாணவர்கள் அதைப் பார்த்தார்கள்.

மறுபடி அடித்தேன். எடுத்தார். குரல் ஸ்பீக்கரில் வகுப்பெங்கும் முழங்கியது.

“மாப்ள, அப்பறம் பேசறேன். எவனோ பேமானி ராத்திரி மோட்டார போட்டு வுட்டுட்டுப் பூட்டான். சேசுவே, மிஷினு பூரா எறங்கிக்கினு கீது. அவன் மட்டும் எங்கைல கெடச்சான்...”

“மாமா, மொதல்ல ஃப்யூஸைப் புடுங்குங்க.”

“அது எனக்குத் தெரியாதா? ஆமா, மோட்டாரு இன்னும் ஓடுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“இங்கேருந்து பாக்கறேன் மாமா.”

“இன்னாது?” மாமனார் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். “எங்கேருந்து?”

“தென்ன மரத்தப் பாருங்க.”

அவர் நிமிர்ந்தார். நேராக எங்களைப் பார்த்தார். மெதுவாக நடந்து கிட்டே வந்தார். திரை முழுவதும் மாமனார் முகம். எங்கள் கல்யாணத்தில் என் கையில் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தபோது பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அதில் நம்பிக்கையை மட்டும் காணோம்.

“நீங்களா மாப்ள?” என்றார். திரும்பி ஃப்யூஸைப் பிடுங்கப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

சால்வையின் சொரசொரப்பு தோளில் தெரிந்தது. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அழுகை இல்லை, சிரிப்பு.

“என் சர்வீஸ்லயே ஒருத்தனும் ஃபோன நோண்டாம உக்காந்திருந்த கிளாஸ் இதுதான் சார். பேப்பர் தொடரட்டும். ஆனா அடுத்த வாட்டி கழனிக்காரரக் கேட்டுட்டு ஒயர மாட்டுங்க.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மிஷினை டிராக்டர் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். புதுச் செருப்பு இன்றைக்கும் அந்தக் கழனியில்தான் எங்கோ இருக்கிறது. மிச்ச நெல்லை, சேற்றிலும் அமிழாத செயின் வண்டி வைத்து அறுத்தார்கள். மாமனார் எனக்குச் சாப்பாடு போட்டார், ஆனால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லவில்லை.

வேலை பிழைத்தது. தொல்லையும் நிரந்தரமானது. அடுத்த செமஸ்டர் ஸ்பெஷல் டாபிக்ஸுக்கு இடம் போதாமல் ஹாலை மாற்றினார்கள். வருகிற பயல்கள் முதல் நாளே கேட்கிறார்கள்: “சார், மாமா எப்ப வருவாரு?” பாடம் கேட்க ஒருவனும் வருவதில்லை. நானும் வருடாவருடம் அந்தக் கழனிக் கதையையேதான் நடத்தித் தொலைக்கிறேன்.

மாமனார் மட்டும் அதைப் பற்றிக் கோபமாக ஒருநாளும் பேசியதில்லை. அறுப்புச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஃபோன் அடிப்பார், அவ்வளவுதான்.

“மாப்ள, இங்க பேய் மழை. நீங்க எதுவும் போட்டு வுட்டீங்களா?”

“இல்ல மாமா, நான் இல்ல.”

“எதுக்கும் ஒரு வாட்டி ஃபோன எடுத்துப் பாத்துடுங்க.”

பின்னணியில் மொத்தக் குடும்பமும் சிரிக்கும். என் மனைவியின் சிரிப்பு எனக்குப் பக்கத்திலிருந்தே கேட்கும். இதில் என் மானம் போகிற இடம் எதுவென்றால், நானும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.