ஒரு தலை அதிகம்

எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்த கண்டக்டரம்மா, முதல் ஓடையைத் தாண்டியதும் திரும்பி நின்று எண்ணினார். ஒன்பது தலை இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

ஒரு தலை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மாதப் பயிற்சியில் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கூட்டத்தைப் பதற விடக் கூடாது, வந்த வழியே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தலை கூடினால் என்ன செய்வது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அரை மணி நேரத்தில் பெருகுவதற்கு மனுஷன் என்ன முயலா?

எண்ணிக்கையில் தப்பு என்று நினைக்கவும் வழியில்லை. பதினேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பிதுங்கி வழிகிற கூட்டத்திலும் தலைக்கணக்கில் கோட்டை விட்டதில்லை. அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவருடைய வீட்டுக்காரர். ரோட்டிலும் அவரே டிரைவர், வீட்டிலும் அவரே டிரைவர் என்று ஆகிப்போனதில் கண்டக்டரம்மாவுக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது. அந்தத் தடத்தில் ஒரு ஐந்து நிமிஷம் மட்டும் பஸ் காட்டுக்கு நடுவே போகும். யாரும் ஏற மாட்டார்கள், இறங்க மாட்டார்கள், சில்லறைக்குச் சண்டை போட மாட்டார்கள். அந்த ஐந்து நிமிஷம் நாள் முழுக்க இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு காட்டு வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

செய்முறைப் பரீட்சைக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு. இரண்டு போய்விட்டது, இரண்டும் வாயால்தான். வழிகாட்டி கிசுகிசுவென்று பேச வேண்டும் என்பது விதி. முதல் தடவை, பின்தங்கிய ஒரு தாத்தாவை அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் ஒரு மான் கூட்டமே ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. இரண்டாம் தடவை, எல்லாரும் தயார் என்றதும் பழக்க தோஷத்தில் இரட்டை விசில் கொடுத்துவிட்டார். இன்றைக்கு மூன்றாவது.

"திங்கக்கிழமை டூட்டியில உன் பேரையும் போடச் சொல்லிட்டேன்" என்று காலையில் வீட்டுக்காரர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நான் பாஸாயிட்டா?"

"பாஸானா பேரை அடிச்சிடலாம். எதுக்கும் இருக்கட்டும்."

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' கண்டக்டரம்மாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பயிற்சி ஆபீஸில் கையில் ஒரு உறையைக் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளே மதிப்பெண் படிவம். "தேர்வாளர் கூட்டத்தோட கூட்டமா இருப்பாரு. யாருன்னு சொல்ல மாட்டோம். முடிஞ்சதும் அவரே உங்ககிட்ட கேட்டு வாங்கிப்பாரு" என்றார் ஆபீஸ்காரர். ஏனோ அவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்டக்டரம்மா இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் எட்டுப் பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், ஒரு கேமராக்காரர், ஒரு பல் டாக்டர், ஒரு புதுமணத் தம்பதி, ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் மூன்று தோழிகள். மழை தூறியதால் எல்லாருக்கும் பயிற்சி ஆபீஸ் வழக்கமாகக் கொடுக்கும் ஒரே மாதிரி பச்சை மழைக்கோட்டு. குல்லா மூக்கு வரை இறங்கியிருந்தது. முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதென்றால் கடவுளே இறங்கி வந்தால்தான் உண்டு.

ஓடையருகே தோழிகள் மூவரும் நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்தபோதுதான் அது நடந்தது. ஒரே ஒரு தடவை கண்டக்டரம்மா தன்னை மறந்தார்.

"பின்னாடி நிக்காதீங்க. முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க. எடம் இருக்கு, வாங்க வாங்க வாங்க."

காடு கிடுகிடுத்தது. அவரே வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் விழுந்தடித்து ஓடையைத் தாண்டி வந்தார்கள். எண்ணினால் ஒன்பது.

"பாதை குறுகலா இருக்கு. ஜோடி ஜோடியா நில்லுங்க" என்று கிசுகிசுத்தார். நின்றார்கள். நாலு ஜோடி, ஒரு ஒற்றை. ஒற்றையாக நின்றவரிடம் போவதற்குள் ஜோடிகள் மாறி வேறொருவர் ஒற்றையானார்.

"என்னம்மா, கணக்கு இடிக்குதா?" என்றார் தலைமையாசிரியை.

"இல்லை டீச்சர். எல்லாரும் இருக்கோம்."

"எல்லாரும்னா எத்தனை பேர்?"

"எத்தனை பேர் வந்தோமோ அத்தனை பேர்."

இந்தம்மாதான் தேர்வாளரோ என்று கண்டக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஆள் அதிகம் என்று வாயைத் திறந்து கேட்டால் எண்ணத் தெரியாதவள் என்று ஆகிவிடும். சத்தமில்லாமல் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு யோசனை வந்தது. காட்டு வாசலில் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பன் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். பொட்டலம் இல்லாதவர்தான் வேண்டாதவர். "எல்லாரும் உக்காந்து சாப்பிடலாம்" என்றார்.

நாலு பேரிடம் பொட்டலம் இல்லை. டாக்டர் வாசலிலேயே சாப்பிட்டு முடித்திருந்தார். கேமராக்காரர் தன்னுடையதைக் குரங்குக்குக் கொடுத்துப் படம் எடுத்திருந்தார். புதுப்பெண்ணுடைய பொட்டலம் ஓடையோடு போயிருந்தது. நாலாவது ஆள் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். கண்டக்டரம்மா மனசு கேட்காமல் தன்னுடைய பொட்டலத்தைப் பிரித்து நாலு பேருக்கும் பங்கு போட்டார். நீட்டிய கை தன் பங்கை இரண்டே வாயில் முடித்துவிட்டு, அவருடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கி அடிவரை காலி செய்துவிட்டு, மறுபடி கூட்டத்தோடு கலந்துவிட்டது. கடைசியில் பட்டினி கிடந்தது கண்டக்டரம்மா மட்டும்தான்.

சரி, பயிற்சிப் பாடம் கைகொடுக்கவில்லை, பழைய பிழைப்பாவது கைகொடுக்கட்டும் என்று முடிவு செய்தார். டிக்கெட் எடுக்காதவனைப் பதினேழு வருஷமாகப் பிடித்தவர் அவர். அவன் கண்டக்டர் முகத்தைப் பார்க்க மாட்டான், வெளியே மரத்தைப் பார்ப்பான். ஒவ்வொருவராக நோட்டம் விட்டார். காட்டில் எல்லாரும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் ஒருவர் ரொம்ப அதிகமாகப் பார்த்தார்.

"சார், நீங்க எங்க ஏறினீங்க?"

"ஏறினேனா?" என்றார் பல் டாக்டர்.

"எங்க சேர்ந்துக்கிட்டீங்கன்னு கேட்டேன்."

"அது... நான் வரலைன்னுதான் சொன்னேன். அவங்கதான் கேக்கல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாட்டினான்டா என்று கண்டக்டரம்மா மனசுக்குள் விசில் அடித்தார். சற்றுத் தூரத்தில் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று இருந்தது. "சார், உங்களுக்கு மட்டும் சொல்றேன். மேல போய் அசையாம உக்காந்தா கரடி தெரியும்" என்று அவரை ஏற்றிவிட்டு, மற்றவர்களை அவசரமாக நடத்திக்கொண்டு போனார். வாசலில் சொல்லி ஆள் அனுப்பி இறக்கிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

எண்ணினார். எட்டு. தேன் குடித்த மாதிரி இருந்தது.

கால் மணி நேரம் கழித்துப் புதுப்பெண் நின்றாள். "எங்கப்பா எங்க?"

"உங்கப்பாவா?"

"டாக்டர். எங்களோடதானே வந்தாரு."

தேனிலவுக்கு மாமனாரும் வருவார் என்று எந்தக் கண்டக்டர் எதிர்பார்ப்பார்? கண்டக்டரம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியலையா தம்பி?"

"தெரிஞ்சுது. மெதுவா வருவாருன்னு விட்டுட்டேன்."

புதுப்பெண் புருஷனைப் பார்த்த பார்வையில் தேனிலவு அங்கேயே முடிந்தது. "எல்லாரும் திரும்புங்க" என்றார் கண்டக்டரம்மா. நேரத்தை மிச்சம் பிடிக்கக் குறுக்குவழியில் இறங்கினார். கொஞ்ச தூரத்தில் சேறு வந்தது, தோழிகளில் ஒருத்தியின் செருப்பு போனது, மழை வலுத்தது, பாதை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இடது பக்கம் காலை வைத்தார்.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா" என்றது ஒரு குல்லா. "எவ்வளவு நடந்தாலும் சுத்திச் சுத்தி அதே பாறைக்குத்தான் வரும்."

"யாருங்க பேசினது?"

எல்லாக் குல்லாவும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. சந்தேகமே இல்லை, தேர்வாளர்தான் எடுத்துக் கொடுக்கிறார், எடுத்துக் கொடுத்ததற்கு மார்க்கையும் குறைப்பார் என்று கண்டக்டரம்மா நொந்துகொண்டார். வலது பக்கம் போனார்கள். கொஞ்ச தூரத்தில் அங்கே பாதையே இல்லை, புதர்தான் இருந்தது.

"அப்பா பாவம், தனியா இருப்பாரு" என்று புதுப்பெண் அழ ஆரம்பித்தாள்.

கண்டக்டரம்மாவுக்கும் அழுகை வந்தது. மழையில் ஒரு பெரிய மனுஷரைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டு, வழிகாட்டி லைசென்ஸை நினைத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. போனால் போகட்டும் லைசென்ஸ் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"டாக்டர் சார். கோபுரத்துல இருக்கற டாக்டர் சார். எங்க இருக்கீங்க, குரல் குடுங்க."

நாலு பக்கமும் பறவைகள் எழுந்து பறந்தன. எங்கோ வலது பக்கத்திலிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது. "இங்கதான் இருக்கேன். கத்தாதீங்க, கரடி ஓடிடுச்சு."

குரலைப் பிடித்துக்கொண்டே போய் டாக்டரை இறக்கினார்கள். இத்தனை நிம்மதியாகத் தான் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது என்றார் அவர். கோபுரத்திலிருந்து வாசலுக்கு நல்ல பாதை இருந்தது. கண்டக்டரம்மா எண்ணவே இல்லை. எண்ணினால் ஒன்பது என்று தெரியும்.

வாசலில் காவலாளி இல்லை. கண்டக்டரம்மா எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கிசுகிசுப்பை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் சொன்னார். "உங்கள்ல தேர்வாளர் யாருன்னு எனக்குத் தெரியாது. எட்டுப் பேரோட போனேன், ஒன்பது பேரோட வந்திருக்கேன். அதிகம் யாருன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. இதுல ஒருத்தரைத் தப்பா விட்டுட்டுப் போனேன். காட்டுக்குள்ள ரெண்டு தடவை கத்தினேன். ஃபெயில் போட்டுடுங்க, நான் திங்கக்கிழமை பஸ்ஸுக்குப் போய்க்கறேன்."

கடைசியில் நின்றவர் குல்லாவைத் தள்ளினார். நரைத்த தாடியில் இரண்டு இலைகள் ஒட்டியிருந்தன.

"அந்த உறையைக் குடும்மா" என்றார். "நான்தான் தேர்வாளர்."

"நீங்கதான் அந்த ஒன்பதாவதா? நடுவுல வந்து சேர்ந்து சோதிச்சீங்களா சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சோதனைன்னா அப்படித்தான் இருக்கும்."

படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். எண்ணிக்கை, பத்துக்குப் பத்து. ஆபத்தில் உதவி, பத்துக்குப் பத்து. குரல் என்ற இடத்தில் பத்துக்குப் பத்து போட்டு, அடியில் கோடும் இழுத்தார். கண்டக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமையாசிரியை கையைத் தட்டினார்.

"சார், கத்தினதுக்குமா மார்க்கு?"

"அதுக்குத்தான் மொதல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் தேர்வாளர்.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பதிவேட்டோடு வந்த காவலாளி, அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"சார், உயிரோட வந்துட்டீங்களா? பரீட்சைக்கு வழி பாத்துட்டு வர்றேன்னு முந்தாநாள் காலையில உள்ள போனவரு நீங்க, உங்களைத் தேடச் சொல்லி இப்பத்தான் ஆறாவது ஆளை அனுப்பிட்டு வர்றேன்."