கோட்டையா, பனிமலையா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே ஒப்புக்கொள்ள நாற்பது வருடம் ஆயிற்று. மற்றவர்கள் அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

எண்பதுகளில் ஒரு கோடை. தர்மபுரியில் ஒரே சமயத்தில் இரண்டு பொருட்காட்சிகள். இரண்டிலும் சினிமா செட்தான் விசேஷம். ஒன்றில் ராஜா ராணி படக் கோட்டை, வாசலில் துதிக்கை தூக்கும் அட்டை யானை. இன்னொன்றில் டூயட் பாடும் பனிமலை, எல்லாம் பஞ்சு.

பொருட்காட்சியில் என்னைப் பெண் பார்க்க ஏற்பாடு. தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்திப்பார்கள். பிடிக்காவிட்டால் யாரோ எவரோ என்று போய்விடலாம். (மூன்று பேர் அப்படித்தான் போயிருந்தார்கள்.) இந்தப் பாப்பாரப்பட்டி மாப்பிள்ளையின் போட்டோ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அத்தை எச்சரித்தாள்: "கேட்டா மட்டும் பேசு. அதுவும் ஒரு வார்த்தை."

எந்தப் பொருட்காட்சி என்று மட்டும் இரு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் கோட்டையில் காத்திருந்தோம், அவர்கள் பனிமலையில். பிறகு நாங்கள் பனிமலைக்குப் போக, அவர்கள் கோட்டைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு கரும்புச்சாறு கடையில் எதிரெதிரே நின்றோம்.

"ரெண்டும் பாத்தீங்களா? எது நல்லா இருந்துச்சுங்க?" என்றார் மாப்பிள்ளை.

"கோட்டைங்க."

(ஒரே வார்த்தை. அத்தைக்கு முகம் மலர்ந்தது.)

"எனக்குப் பனிமலைதாங்க."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அந்தப் பஞ்சுக் குவியலா? தலகாணி கிழிஞ்ச மாதிரி இருக்குதுங்க!" என்றேன்.

"உங்க யானைக்குப் பின்னாடி ஒரு ஆளு கயிறு இழுக்கறாங்க. நான் பாத்தேன்."

"இழுக்கட்டுமே! தும்பிக்கை ஏறுதில்ல? உங்க மலையில என்ன அசையுது?"

"உள்ள போனா குளுருதுங்க!"

"அத்தாம் பெரிய ஃபேன் வெச்சா எங்க வூட்லகூடக் குளுரும்!"

அரை மணி நேரம் ஓடியது. கையிலிருந்த சாறு சூடாகிவிட்டது. என் முந்தானையை இழுத்து இழுத்துக் களைத்த அத்தை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாலாவது ஆளும் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அந்த அழுகையோடும், "ஆனாலும் கோட்டைதாங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்பையன் வூட்ல வாயத் தொறந்து சோறுன்னுகூடக் கேக்க மாட்டான். இன்னிக்குத்தான் இத்தன பேசிப் பாக்கறேன். நீங்க தேதி பாருங்க."

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது பெண் பார்த்துவிட்டு வந்தால், என் கணவரின் முதல் கேள்வி, "சண்டை வந்துச்சா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்ப சரியா பாக்கல. இன்னொருக்கா போயிட்டு வாங்க" என்பார்.