‘சாப்டீங்களா’ என்றதும் போன லைன்

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பாதி பெட்ரோலில் ஓடவில்லை. கார்புரேட்டர் அண்ணேயின் திட்டுக்குப் பயந்து ஓடுகின்றன. எந்த வண்டி அவர் பட்டறைக்கு வந்தாலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கார்புரேட்டர்தான்” என்பார். கார்புரேட்டரே இல்லாத புது வண்டிக்கும் அதே தீர்ப்புதான். ஆனால் வண்டி ஓடும்வரை மனிதர் விடமாட்டார்.

அவர் மனைவி மல்லிகா அக்கா சிங்கப்பூரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். கைப்பேசியில் மனைவி முகம் தீப்பெட்டி அளவுதான் தெரிகிறது என்று அண்ணே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிச் சமையலறை மேசையில் வைத்தார். எதிர்வீட்டுக்காரன் நான்தான் வைஃபை போட்டுக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் பேசுவார்கள். அக்கா “சாப்டீங்களா?” என்று கேட்ட கொஞ்ச நேரத்தில், சொல்லிவைத்தாற்போல லைன் போய்விடும்.

மனுஷன் பட்டினி கிடக்கிறார், அது தெரியாமலிருக்க லைனைப் பிடுங்கிவிடுகிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அது அவர் ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை.

“என்னால அவ வேலைய விடக்கூடாது தம்பி,” என்று அண்ணே களத்தில் இறங்கினார்.

மோடத்தைக் காதில் வைத்துக் கேட்டு, மூச்சு வாங்குகிறது என்றார். அதன் ஓட்டைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தார். பிஸ்கட் டின்மேல் ஏற்றினார். ஒயர் எட்டாததால் அதைச் சமையலறைக்கு வெளியே கொண்டுபோக முடியவில்லை. மேல்வீட்டுச் சீனப் பெரியவர் லைனைக் குடிக்கிறார் என்று பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றியதை மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். என் பங்குக்கு நானும் கம்ப்யூட்டரில் கரண்டு மிச்சம் பிடிக்கும் செட்டிங்கை அணைத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. பெட்ரோலில் நனைத்த துணியோடு அவர் மோடத்தை நெருங்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அப்ப ஓட்டிப் பாத்துருவோம் லா,” என்றார். அதாவது நான் என் வீட்டிலிருந்து அக்கா மாதிரி அழைத்துப் பேச வேண்டும். அவர் வழக்கமாகச் செய்வதையே செய்வார்.

அழைத்தேன். மழை, மீன் விலை, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் பேசினேன். லைன் அசையவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, “சாப்டீங்களா?” என்றேன். “இதோ,” என்று எழுந்து போனார். படம் துண்டு துண்டாகி மறைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சோற்றுத் தட்டை உள்ளே வைத்து மைக்ரோவேவ் சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே மோடம். மைக்ரோவேவ் நின்றது, லைன் வந்தது. அண்ணே மறுபடி பட்டனைத் தட்டினார். போய்விட்டது. மைக்ரோவேவிலிருந்து கசியும் அலைதான் பக்கத்திலிருந்த வைஃபையைக் கலைத்திருக்கிறது.

“அவ கேட்டதும், சாப்புடுறத காட்டலாம்னு சூடு பண்ணப் போவேன்,” என்றார் மெதுவாக. “நானேதான் அறுத்திருக்கேன்.”

அன்று சாயங்காலம் என்னையும் சாட்சிக்கு உட்காரவைத்தார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரையில் வந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். அண்ணே எழவில்லை. ஆறிப்போன சோற்றையும் மீன் குழம்பையும் முன்னால் இழுத்து, சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பஸ் பேச்சே வரவில்லை.

“சரி, பேசாம சாப்புடுங்க,” என்றார். “நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

ஆறிய சோற்றை அத்தனை சந்தோஷமாகச் சாப்பிட்டவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போனது. இருவருக்கும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.