திருப்பி மாட்டிய ஏசி

இயற்பியல் படித்தவனை வீட்டு விசேஷத்தில் பந்தி விசாரிக்கச் சொல்லலாம். செருப்புக்குக் காவல் வைக்கலாம். யோசனை மட்டும் கேட்கக் கூடாது. இதை நான் சொல்லவில்லை, என் அம்மா பல வருடமாகச் சொல்லி வருகிறார். மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை.

எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கத்து எமரால்டில், அணைக்கு நேர் மேலே. தங்கை கவிதாவைப் பெண் பார்க்க பவானியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் பல் கிட்டியது. இரண்டு சால்வைக்குள் இருந்தபடி அவர் சொன்னார்: "எல்லாம் சரிதானுங்க. ஆனா இந்தக் குளுருல எம் பையன் தலை தீவாளிக்கு வந்தா உசுரோட திரும்புவானுங்களா? இப்பவே நிச்சயம் வேணாமுங்க, கொஞ்சம் யோசிச்சுச் சொல்றமுங்க."

உப்பு சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய ஒருவழியாகச் சம்மதித்தார்கள். அதையும் எங்கள் வீட்டிலேயே, அதுவும் தை மாதத்தில். நாள் குறித்ததும் சமையலறைப் பக்கம் நின்று கவிதா என்னிடம் கெஞ்சினாள். "அண்ணா, அவுங்கப்பா மறுபடி நடுங்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா அவ்வளவுதான். ஏதாச்சும் பண்ணு." (பண்ணினேன்.)

கோயம்புத்தூர்ச் சித்தப்பா தன் கடையிலிருந்து கழற்றிய பழைய ஜன்னல் ஏசி ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. அதைத் தூக்கி வந்ததும் அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஏண்டா, எமரால்டுக்கு ஏசியா?"

நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். வாயுவை அழுத்தினால் சூடாகும், அதனால்தான் சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுகிறது. அழுத்தம் குறைந்து விரிந்தால் குளிரும், அதனால்தான் சென்ட் பாட்டிலை அமுக்கினால் விரல் சில்லிடுகிறது. ஏசி இரண்டையும் செய்கிறது. பின்பக்கம் சூடு, முன்பக்கம் குளிர். அப்படியானால் பின்பக்கத்தை வீட்டுக்குள் திருப்பிவிட்டால்? அப்பா கேரட் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மாட்டினேன். வெயிலடித்த ஒரு மதியம் ஓட்டியும் பார்த்தேன். கூடம் கதகதவென்று ஆனது. நோபல் பரிசை வாங்க எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்தேன். ஒரே ஒரு சிறு குறை, சுவிட்சுகள் முன்பக்கம் இருந்ததால் அவை இப்போது வீட்டுக்கு வெளியே இருந்தன.

ஆகவே தங்கையின் நிச்சயத்தன்று, மூடுபனியில், பட்டு வேட்டியோடு, ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் மேல் நின்றேன். ஏற்கெனவே குளிர்ந்த காற்றை இன்னும் குளிர்வித்து ஏசி என் மார்பில் ஊதியது. பக்கத்துக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா முதலில் குல்லாயைக் கழற்றினார். பிறகு மஃப்ளர், பிறகு சால்வை. சிரிக்கக்கூடச் செய்தார். கவிதா ஜன்னலைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னாள். நான் மூக்கை உறிஞ்சினேன். (பாதி பாசம், பாதி சளி.)

அப்போதுதான் ஏசியின் உறுமல் மாறியது. பார்த்தால், என் பக்கத்துக் கம்பிகளெல்லாம் பனிக்கட்டி. மூடுபனி அப்படியே உறைந்து காற்று வரும் வழியை அடைத்திருந்தது. எங்கள் மலையில் பனிக்காலத்தில் கேஸ் சிலிண்டர் மந்தமானால் யாரும் யோசிப்பதில்லை, அடியில் வெந்நீர் ஊற்றுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். ஏசியை நிறுத்தினேன், கொல்லையில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் ஒரு வாளி மொண்டு வந்து ஊற்றினேன். பனிக்கட்டி மளமளவென்று கரைந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டேன்.

முன்பக்கம் சேரும் தண்ணீர் பின்பக்கம் ஓடி, அங்குள்ள விசிறி அதை வாரி இறைக்கும்படிதான் ஜன்னல் ஏசியைச் செய்திருக்கிறார்கள். சூடான கம்பிகள் ஆறுவதற்காக. நல்ல யோசனைதான். என்ன, பின்பக்கம் இப்போது எங்கள் கூடத்தில் இருந்தது.

கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தது தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்தார். மாற்றி முடிக்காத உப்பு தாம்பாளத்திலேயே கரைந்தது, சர்க்கரை பாகானது. ஃபியூஸ் போய் ஏசியும் நின்றது.

நான் உள்ளே ஓடியபோது கவிதா அழ ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா தலையைத் துவட்டியபடி கேட்டார், "ஏனுங்க தம்பி, உங்கூர்ல மழை ஊட்டுக்குள்ளதான் பெய்யுமுங்களா?"

அம்மாதான் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகச் சமையலறைக்கு அழைத்துப் போனார். சம்பந்தியை அடுப்படியில் உட்கார வைப்பது மரியாதையில்லை என்று அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தார். விறகடுப்பு முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தது. சம்பந்தி பலகையில் உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"அம்மிணி," என்று அவர் அழைத்ததும் கவிதா முன்னால் வந்தாள். "இந்த எடத்துல எம் பையனுக்கு ஒரு பலகை போட்ருவியா?" அவள் தலையாட்டினாள். "அப்பறம் என்னத்துக்கு யோசிக்கறது? உப்பு எங்க இருக்குது?" ஜாடியிலிருந்து உப்பும் காப்பி டப்பாவிலிருந்து சர்க்கரையும் வந்தன. அடுப்பு முன்னாலேயே மாற்றிக்கொண்டார்கள்.

போன மாதம் பவானியில் கவிதா மகளுக்குக் காது குத்து. ஏசி மண்டபம். தாய்மாமன் என்பதால் என் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்தில் கவிதாவின் மாமனார் மெல்ல எழுந்து வந்தார், மேலே ஏசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குடையை விரித்து, பேத்தியின் தலைக்கு மேல் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.