ரெண்டாவது கன்ட்ரோலர்

ஒரு காலேஜ்ல எத்தினி கன்ட்ரோலர் இருக்கலாம்ங்கிறது ரொம்ப முன்னாடியே முடிவான விஷயம். ஒருத்தர். அவரு பரீட்சை கன்ட்ரோலர். தாம்பரத்தைத் தாண்டி இருக்கிற அந்தக் காலேஜ்லயும் ஒருத்தர்தான் இருந்தாரு. பேரு எத்திராஜ். ஹால் டிக்கெட்டு, கொஸ்டின் பேப்பரு, அரியர் லிஸ்டு எல்லாமே அவரு மேஜையத் தாண்டித்தான் உலகத்துக்குள்ள வரணும். இப்படி அமைதியா போய்க்கினு இருந்த நிர்வாகத்துல, ஃபைனல் இயர் வெண்ணிலா, தனக்கு இன்னொரு கன்ட்ரோலர் வேணும்னு எழுதிக் குடுத்தா.

அவ கேட்டது வண்டிக்கு. பழைய மொபெட்டுல எஞ்சினக் கழட்டிப் போட்டுட்டு, பின்சக்கரத்துக்குள்ளயே உக்காந்துக்கிற ஹப் மோட்டார மாட்டி எலெக்ட்ரிக் வண்டியா மாத்தணும். அதான் அவளுக்கும் அவ கூட்டாளி அக்தருக்கும் ப்ராஜெக்ட். ரிவ்யூ அன்னிக்கு கேட்ல இருந்து மெயின் பிளாக் வரைக்கும் வண்டி ஓடணும். ஓடலன்னா ஃபெயில். ஃபெயிலானா கேம்பஸ்ல கெடச்ச வேலையும் காலி. சாமான காலேஜ் பர்ச்சேஸ் செக்ஷன்தான் வாங்கித் தரும். வெளிய வாங்குனா காப்பி அடிச்சதாகக் கருதப்படும்னு சர்க்குலரே கீது.

பர்ச்சேஸ் ஆபீசர் தனசிங் பேப்பர கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்தாரு. அப்புறம் தூர வெச்சுப் பாத்தாரு.

"இன்னாமா இது. மோட்டார் நாப்பத்தெட்டு வோல்ட், கன்ட்ரோலர் நாப்பத்தெட்டு வோல்ட், பேட்டரி நாப்பத்தெட்டு வோல்ட். ஒரே சாமான மூணு வாட்டி கேக்குற."

"வேற வேற சாமான் சார். வோல்ட்டுதான் ஒண்ணு."

"ஆடிட்காரன் சாமானப் பாக்க மாட்டான். நம்பரத்தான் பாப்பான். பாத்தா டபுள் என்ட்ரிம்பான்."

"சார், கரண்டு குடுக்குறது பேட்டரி. அத அளந்து விடுறது கன்ட்ரோலர். சுத்துறது மோட்டார். மூணும் ஒத்துப்போனாத்தான் வண்டி நகரும். உங்க செருப்பு ரெண்டும் ஒரே சைஸ்தான? டபுள் என்ட்ரின்னு ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டா நடந்து வர்றீங்க?"

தனசிங் மேஜைக்கடியில ஒரு தடவ குனிஞ்சு பாத்துக்கினாரு.

"செருப்பு என் சொந்தக் காசுமா. அத விடு. கன்ட்ரோலர்னு போட்டிருக்கியே, அது பதவி. சாமான் கணக்குல வராது, நியமனக் கணக்குல வரும். எத்திராஜ் சார் கருத்து இல்லாம நான் கைய வெக்க முடியாது."

மேற்படி விவகாரம் எத்திராஜ் சாரின் மேலான பார்வைக்குப் போச்சு. கூடவே வெண்ணிலாவும் போனா.

"இந்தக் கன்ட்ரோலருக்கு இன்னா வேலை?"

"மோட்டார் எவ்ளோ வேகமா சுத்தணும்னு முடிவு பண்ணும் சார்."

"யாரைக் கேட்டு?"

"ஓட்டுறவன் திருகுறான்ல, ஆக்சிலேட்டர். அதக் கேட்டு."

எத்திராஜுக்கு மொகம் தெளிஞ்சிருச்சு. "நான் யாரையும் கேக்குறதில்ல. அப்ப இது நமக்குக் கீழ்நிலைதான்."

கீழ்நிலை ஆளுக்கு மோட்டாருக்குச் சமமான அந்தஸ்து எதுக்குன்னு அவரு அரை மணி நேரம் யோசிச்சாரு. அப்புறம் எழுதினாரு: 'ஒரே நிறுவனத்தில் இரண்டு கன்ட்ரோலர்கள் முழுத் தகுதியோடு பணிபுரிவது நிர்வாக ஒழுங்குக்கு உகந்ததல்ல. ஆகவே மேற்படி கன்ட்ரோலரை முப்பத்தாறு வோல்ட்டாகப் பதவியிறக்கம் செய்து ஆணையிடப்படுகிறது.'

வெண்ணிலா படியிறங்குன வேகத்துல, கீழ உக்காந்திருந்த தனசிங் காப்பி டம்ளரப் பத்திரமா நகத்தி வெச்சாரு.

"சார், நான் கேட்டது நாப்பத்தெட்டு."

"நாப்பத்தெட்டுதான் கெடைக்கும். கன்ட்ரோலர்ல பன்னெண்டு கொறஞ்சுதுல்ல, அந்தப் பன்னெண்ட பேட்டரில ஏத்திட்டேன். அது அறுபது. மோட்டார் நாப்பத்தெட்டு. மூணையும் கூட்டி மூணால வகு."

அவ பின்னாடியே வந்து நின்ன அக்தருக்குக் கணக்கு நல்லா வரும். அதான் பிரச்சனை. "நாப்பத்தெட்டு வருது மச்சி," ன்னான்.

"நீ வாய மூடு. சார், நான் ஒரு பேப்பர்ல தொண்ணூறு, இன்னொண்ணுல பத்து வாங்குனா சராசரி அம்பது. பாஸ் போடுவீங்களா?"

"அது எப்டிமா. அது பரீட்சை. இது வெறும் வண்டி." தனசிங் நாற்காலில சாஞ்சாரு. "கேட்டது கெடச்சிருச்சு. டபுள் என்ட்ரியும் ஒழிஞ்சிச்சு. இதுக்கு மேல ஒரு மனுஷன் இன்னா பண்ணுவான்?"

சாமான் வந்துச்சு. மாட்டுனாங்க. சாவியத் திருப்புனதும், அறுபது வோல்ட்டப் பாத்த கன்ட்ரோலர் ஒரு செவப்பு லைட்ட மினுக்கிட்டு, இது என் தகுதிக்கு மீறுனதுன்னு பூட்டிக்கிச்சு. அந்தக் காலேஜ்லயே தன் தகுதி இன்னான்னு தெரிஞ்ச கன்ட்ரோலர் அது ஒண்ணுதான்.

ரிவ்யூ அன்னிக்கு குழுவுக்குத் தலைவர் எத்திராஜ். கீழ்நிலை ஊழியர நேர்ல ஆய்வு பண்றது மேலதிகாரியோட கடமைன்னு சொல்லி, அவரே சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு.

"சார், இது ஓடாது," ன்னா வெண்ணிலா.

"ஓடுறதும் ஓடாததும் குழுவோட முடிவு. மாணவர்கள் கருத்து சொல்லக் கூடாது. கெளம்பலாம்."

கெளம்பலாம்னு சொன்னப்புறம் கெளம்பாம இருந்தா மரியாதை இல்லியேன்னு, அக்தர் பின்னாடி போய்த் தள்ளுனான். எத்திராஜ் சாரு கொஞ்சம் கனமான பதவி. ஸ்பீட் பிரேக்கர் கிட்ட தனசிங்கும் வந்து கை குடுத்தாரு. வண்டி மெயின் பிளாக் வந்து சேந்துச்சு. எத்திராஜ் எறங்கி, வேர்வையத் தொடச்சுக்கினு அறிக்கை சொல்லச் சொல்ல, தனசிங் எழுதுனாரு.

'சத்தம் இல்லை. புகை இல்லை. மோட்டார் சூடேறவில்லை. பேட்டரி புறப்படும்போது நூறு சதவீதம், வந்து சேரும்போதும் நூறு சதவீதம். ஆகவே ஒருமுறை சார்ஜ் செய்தால் இவ்வண்டி செல்லக்கூடிய தூரம்: வரம்பற்றது.'

"சார், தள்ளிக்கினு வந்தா சார்ஜ் எப்டி சார் எறங்கும்?" ன்னா வெண்ணிலா.

எத்திராஜ் கோவப்படல. ரொம்பப் பொறுமையாத்தான் கேட்டாரு. "வண்டி ஓடிச்சா இல்லியா, நீயே சொல்லு. ஓடலன்னா ஃபெயில்னு போட்டுரலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

ஓட்டல்ல ரெண்டாவது கரண்டி சாம்பாருக்கும் நியாயம் பேசுற பொண்ணு அவ. ஷேர் ஆட்டோல நாலாவது ஆள ஏத்துனா, வண்டிய நிறுத்தி வெச்சு சட்டம் பேசுவா. அக்தர் மூச்சு வாங்கிக்கினு அவ மொகத்தையே பாத்தான். அவனுக்கும் கேம்பஸ்ல வேலை கெடச்சிருந்துச்சு.

"ஓடிச்சு சார்," ன்னா.

"எப்டி ஓடிச்சு?"

"ஸ்மூத்தா."

ரெண்டு பேருக்கும் டிஸ்டிங்ஷன். தூரம் வரம்பற்றதுன்னு எழுத்துல வந்துட்டதால, காலேஜும் சும்மா இருக்க முடியல. எலெக்ட்ரிக் வண்டி வெச்சிருக்கிறதுதான் இப்ப கௌரவம். ஆபீசருங்க, வாத்தியாருங்க எல்லாருக்கும் அதே மாதிரி, அதே சராசரியில வண்டி வாங்கிக் குடுத்து, இனிமே இதுலதான் வரணும்னு சர்க்குலர் போட்டாங்க. காரணம் யாரு? வாயால சொன்ன வெண்ணிலா.

பொங்கல் லீவு முடிஞ்சு ஊரே திரும்பி வந்துகினு இருந்த ஒரு காலைல, அவ வேலைக்குப் போற பஸ்ஸு பெருங்களத்தூர் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. டிரைவர் எஞ்சினையே ஆஃப் பண்ணிட்டு பேப்பர் படிச்சாரு. அப்போ ரோட்டோரமா வரிசையா வந்தாங்க, அந்தக் காலேஜ் ஸ்டாஃபு. ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை சீட்டுல, தோள்ல டிபன் பை. தள்ளிக்கினு. கார்காரன், பைக்குக்காரன், வேன்காரன், நின்ன எடத்துலயே ஒவ்வொருத்தனா பின்னாடி போய்க்கினு இருந்தான்.

"சூப்பரா போவுதே, இன்னா வண்டிமா அது?" ன்னு கண்டக்டர் வெண்ணிலா கிட்டயே கேட்டாரு. ஜன்னலோரம் இருந்த அத்தினி பேரும் ஏக்கமா எட்டிப் பாத்தாங்க. ஒருத்தர் வெல கேட்டாரு.

தனசிங் சாரு அவ ஜன்னலுக்கு நேரா வந்தாரு. நிக்கல. நிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்ல.

"இன்னாமா," ன்னாரு, தள்ளிக்கினே. "அன்னிக்கு ஓடாது ஓடாதுன்னியே."

வெண்ணிலா நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னு ஜன்னல் வழியா தலைய நீட்டுனா. அதுக்குள்ள அவரு முன்னாடி நின்ன நாலு பஸ்ஸையும் தாண்டிப் போயிருந்தாரு.