கம்ப்ளேன் பாஸ்டரின் ஜெபம்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கடவுளிடமே அதிகம் பொய் சொன்ன மனிதர் யார் என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், எங்கள் கம்ப்ளேன் பாஸ்டர்தான்.

வாரநாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவார். ஞாயிறன்று தஞ்சோங் காராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் சபை நடத்துவார். எந்த வீட்டில் சண்டை என்றாலும், சாமிப் படம் எது மாட்டியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வந்து உட்கார்ந்துவிடுவார். புத்திமதி சொல்லும் பழக்கமே கிடையாது. காப்பி குடிப்பார், இரண்டு பக்கமும் கேட்பார், கண்ணை மூடி உரக்க ஜெபிப்பார். அந்த ஜெபத்தில்தான் வினையே. ஒன்றை ஒன்பதாக்கி ஆண்டவரிடம் கோள் மூட்டுவார். கம்ப்ளேன் என்ற பேர் அப்படி வந்ததுதான். சுங்கை புரோங்கில் ஒரு குடிகாரரைப் பற்றி, ஊர்க் கள்ளையெல்லாம் இவரே காலி பண்ணுகிறார் என்று முறையிட, அந்த மனிதர் பாதி ஜெபத்தில் எழுந்து, நான் குடிப்பது இவ்வளவுதான் என்று கணக்குப் பேசினாராம்.

நாங்கள் அவரிடம் சிக்கிய கதை வேறு. என் மனைவி வசந்தாவுக்குப் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக கேண்டீனில் வேலை கிடைத்தது. நான் போகக்கூடாது என்று கத்தினேன். அவள் போவேன் என்றாள். வாரக்கணக்கில் பேச்சே இல்லை. கடைசியில் பையைக் கட்டிவிட்டாள். கூட்டிப்போக அவள் அண்ணன் கலும்பாங்கிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டைவிட்டுப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, குலை ஏற்றிய லோரியோடு பாஸ்டர் வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல் காப்பி. வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பிக்குப் பொறாமை. பொண்டாட்டி சம்பாதிக்கிறது பொறுக்கல. ஈவு இரக்கம் இல்லாத மனுசன்..."

"இல்ல பாஸ்டர்," என்றாள் வசந்தா. "பொறாமையெல்லாம் இல்ல லா. அந்த ரோட்டுல லோரி ஜாஸ்தி. நான் மோட்டார் சைக்கிள்ல போறத நெனச்சு பயப்படுறாரு. அத சொல்லத் தெரியாம கத்துறாரு."

நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பயத்தை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பாஸ்டர் விடுவாரா? அடுத்து அவளைப் பிடித்தார். பிடிவாதக்காரி, புருசன் வேண்டாதவள் என்று ஆரம்பித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பிடிவாதமும் இல்லை, ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து வேலைக்குப் போக ஆசைப்பட்டவள் என்று நான் குரலை உயர்த்தினேன். வசந்தா அழுதுவிட்டாள். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றாள். பாதி வழி வந்துவிட்டேன், சாப்பிட்டுவிட்டே போகிறேன் என்றார் அண்ணன்.

பாஸ்டர் வேண்டுமென்றேதான் செய்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து கேட்டேன்.

"நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன் தம்பி, எனக்கு என்னா தெரியும்?" என்று லோரியில் ஏறிவிட்டார்.

இப்போது வசந்தாவை நானே காரில் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். சண்டை குறைந்துவிட்டது. பாஸ்டரும் வருவதில்லை. வீடு என்னவோ போல் இருந்தது. சும்மாவாவது ஒரு சண்டை போட்டு அவரைக் கூப்பிடலாமா என்று வசந்தாவைக் கேட்டேன்.

"சண்ட எதுக்கு?" என்றாள். "பாக்கணும்போல இருக்குன்னு சொல்லுங்க."

போன் போட்டு அப்படியே சொன்னேன்.  உடனே உங்கள் வீட்டுப் பக்கம் லோரியைத் திருப்புகிறேன் என்றார்.